எடை குறைய எதை மாற்றுவது? மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நார்ச்சத்து: ஓர் ஒப்பீடு

எடையைக் குறைக்க வேண்டும் என்று உறுதி எடுத்தவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு நாற்சந்தியில் வந்து நின்றுவிடுகிறார்கள். மாவுச்சத்தை விட்டால் இன்சுலின் இறங்கும், இன்சுலின் இறங்கினால் உடற்கொழுப்பு கரையும் என்று ஒருவர் சொல்கிறார். கலோரி குவிந்து கிடப்பது எண்ணெயில்தான், அதைக் குறையுங்கள் என்கிறார் இன்னொருவர். புரதத்தைக் கூட்டினால் தசையும் தங்கும், பசியும் அடங்கும் என்பது மூன்றாமவர் வாதம். நார்ச்சத்தைக் கூட்டினால் மற்றவை தாமே சரியாகும் என்போரும் உண்டு. நால்வர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் கேட்பவருக்குக் குழப்பம் தீர்வதில்லை.

இந்தக் குழப்பத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த நேரத்தில் பசிக்கிறது?" என்பதைத்தான். தங்கள் எடை என்ன, எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று சொல்லத் தயாராக வந்தவர்கள் இந்தக் கேள்விக்குச் சற்றுத் தடுமாறுவார்கள். ஆனால் ஓர் உணவுமுறை மூன்றாம் மாதத்தில் கைவிடப்படுகிறதா, மூன்றாம் ஆண்டிலும் நிலைக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பசிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த ஒப்பீட்டில் பசிக்கே முதலிடம் தருகிறேன்.

## எந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்பது

முதல் அளவுகோல், பசியை நடத்தும் ஹார்மோன்கள். வெறும் வயிற்றில் இரைப்பை சுரப்பது கிரெலின். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். சாப்பாட்டு வேளைக்கு முன் ஏறி, உண்டபின் இறங்கும் இந்த ஹார்மோனைப் பசியின் அழைப்பு மணி என்று சொல்லலாம். உணவு முன்சிறுகுடலை எட்டும்போது, அதிலுள்ள கொழுப்பும் புரதமும் சிசிகே என்ற ஹார்மோனைத் தூண்டுகின்றன; அது பித்தப்பையைச் சுருங்கச் செய்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டும் அதே செய்தியைச் சற்றுத் தாமதமாக, ஆனால் நீண்ட நேரத்துக்குச் சொல்கின்றன. இவை வேளைக்கு வேளை ஏறி இறங்குபவை. லெப்டின் வேறு வகை. 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்த இந்த ஹார்மோன், கொழுப்புத் திசுவிலிருந்தே சுரந்து, உடலின் கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குக் கணக்குச் சொல்கிறது. கையிருப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும்.

இரண்டாவது, எண்ணாமலேயே மொத்தக் கலோரி குறைகிறதா என்பது. கலோரியை எண்ணிச் சாப்பிடுவது சில வாரங்களுக்குச் சரிப்படும்; வாழ்நாள் முழுக்க அப்படி உண்பவர்கள் மிகச் சிலர். மூன்றாவது, குறையும் எடையில் தசை எவ்வளவு போகிறது என்பது. நான்காவது, அந்த முறை வெளியே சொல்லாத செலவுகள்: மலச்சிக்கல், ரத்தக் கொழுப்பு, மருந்துகளோடு மோதல், குடும்பத்தோடு ஒரே பாத்திரத்தில் உண்ண முடியாமல் போவது ஆகியவை.

ஐந்தாவது அளவுகோல் ஓராண்டு கழித்து என்ன ஆகிறது என்பது. இதில் சற்று நின்று பேச வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பிரியா சுமித்ரன் குழு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய கிரெலின் பழைய அளவைவிடக் கூடுதலாகவும், லெப்டினும் பிஒய்ஒய்யும் சிசிகேவும் குறைவாகவுமே இருந்தன; அவர்கள் சொன்ன பசியும் கூடியே இருந்தது. இழந்ததை மீட்டுக்கொள்ளச் சொல்லி உடல் ஓராண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதே இதன் பொருள். எடை திரும்பியவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கும் உணவுமுறை அந்தக் கூடுதல் பசியையும் சேர்த்துச் சமாளிக்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

## முதல் வழி: மாவுச்சத்தைக் குறைப்பது

இந்த வழிக்குப் பின்னால் உள்ள வாதம் எளிமையானது. மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. அதற்கு எதிர்வினையாகக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் இருக்கும்போது கொழுப்புத் திசு கொழுப்பை வெளியே விடாமல் பூட்டி வைக்கிறது. இதில் ஒவ்வொரு படியும் உடலியலின்படி சரி. ஆனால் இதிலிருந்து, இன்சுலினைக் குறைத்தாலே எடை குறையும் என்று முடிவு கட்டுவதுதான் சரியில்லை.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, விலங்கு உணவு மிகுந்த சாப்பாட்டையும், இரண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவையும், வேண்டிய அளவு உண்ணலாம் என்று சொல்லி அளித்தார்கள். கொழுப்பு குறைந்த உணவில் சர்க்கரையும் இன்சுலினும் அதிகமாக ஏறின. அந்த வாதத்தின்படி பசியும் உணவும் கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: அந்த இரண்டு வாரங்களில்தான் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டார்கள், பசி கூடியதாகவும் அவர்கள் சொல்லவில்லை. இரண்டு வாரம் என்பது குறுகிய காலம்தான். ஆனாலும் இன்சுலின் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வாதம் இதற்குமேல் நிற்காது.

இன்சுலினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளையைப் பொறுத்தவரை அதுவும் நிறைவின் செய்தியைச் சொல்லும் ஹார்மோன்களில் ஒன்று. இனிப்புப் பானங்களின் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதியளவு இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள்: அது குளுக்கோஸ் அளவுக்கு இன்சுலினைத் தூண்டுவதில்லை, அதோடு லெப்டின் ஏறுவதும் குறைகிறது, கிரெலின் அடங்குவதும் குறைகிறது. இன்சுலினை அதிகம் தூண்டவில்லை என்பதால் அது நல்லதாகிவிடவில்லை. போதும் என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராததால் மேலும் குடிக்க வைக்கிறது.

மாவுச்சத்து என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வேறுபாடு இருக்கிறது என்பதற்குச் சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் நடந்த ஆய்வு நல்ல உதாரணம். 38 உணவுகளை 240 கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால், வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடத்தில் வந்தது. வெண்ணெய் மிகுந்த குரோசான் என்ற ரொட்டிப் பண்டம் 47 பெற்றுக் கடைசியில் நின்றது. உருளைக்கிழங்கும் மாவுச்சத்துதான், குரோசானிலும் மாவுச்சத்துதான்.

இருந்தாலும் இந்த வழிக்கு மெய்யான பலன்கள் உண்டு. மாவுச்சத்து நாளுக்கு 50 கிராமுக்கும் கீழே இறங்கும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளை உண்டாக்குகிறது. எடை குறையும்போது வழக்கமாக ஏறும் கிரெலின், கீட்டோன் நிலையில் இருக்கும்வரை அவ்வளவாக ஏறுவதில்லை என்று காணப்பட்டிருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரையும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்தவர்களுக்கு அதன் அளவும் இந்த முறையில் நன்றாக இறங்குகின்றன. இனிப்பிலும் மாவுப் பண்டத்திலும் ஒரு வாய் வைத்தால் நிறுத்த முடியாதவர்களுக்கு, அளவோடு உண்ணுங்கள் என்ற அறிவுரையைவிட, அது வீட்டிலேயே இல்லை என்ற விதி எளிதாக இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது ஏமாற்றம். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியவுடன் அந்தச் சேமிப்பு கரைய, நீரும் வெளியேறி, முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்ததாக எடைக்கருவி காட்டும். அது கொழுப்பு இல்லை. பழைய உணவுக்குத் திரும்பிய இரண்டு நாளில் அப்படியே திரும்பி வரும். நீரோடு உப்பும் போவதால் தலைவலி, தசைப்பிடிப்பு, களைப்பு முதல் வாரங்களில் வரலாம். தானியமும் பயறும் பழமும் போய்விடுவதால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வரும். சிலருக்குக் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல் கணிசமாக ஏறிவிடுகிறது. யாருக்கு ஏறும் என்பது ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

மருந்து விஷயத்தில் விளையாடக் கூடாது. இன்சுலின் ஊசியோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் தாழ்சர்க்கரை வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளோடு, மாவுச்சத்து மிகக் குறைந்த கடுமையான கீட்டோ உணவு சேர்ந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை உண்டாகலாம். இவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் பேசாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

## இரண்டாம் வழி: கொழுப்பைக் குறைப்பது

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. இந்த வழியின் அடிப்படை இந்தக் கணக்குதான். ஒரு முறை சமையலறைத் தராசில் வாணலியை வைத்து, கை போனபோக்கில் எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி என்று நினைத்து ஊற்றியது பெரும்பாலும் மூன்றைத் தாண்டியிருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம், 120 கலோரி. அது காய்கறிக்குள் ஊறிப்போனபின் கண்ணுக்கும் தெரிவதில்லை, வயிற்றில் இடமும் பிடிப்பதில்லை.

ஹார்மோன் கணக்கில் கொழுப்பின் நிலை இரட்டையானது. சிசிகேவை நன்றாகத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் கிரெலினை அடக்குவதில் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் பின்னால்தான் நிற்கிறது. ஆகவே கலோரிக்குக் கலோரி பார்த்தால், கொழுப்பு தரும் நிறைவு மற்ற இரண்டையும்விடக் குறைவு. எண்ணெய் குறைந்த, காய்கறியும் பழமும் முழுத்தானியமும் நிறைந்த தட்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், கலோரி குறைவாக இருக்கும். தட்டு நிறைய இருந்தால்தான் மனம் நிறையும் என்பவர்களுக்கு இந்த வழியே ஏற்றது. எல்டிஎல் கூடியிருப்பவர்களுக்கும் அப்படித்தான்; வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தாலே அது இறங்கத் தொடங்கும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் "கொழுப்பு குறைந்தது" என்று போட்டிருக்கும் பண்டங்களில். கொழுப்பை எடுத்தபின் சுவை போய்விடுவதால் அந்த இடத்தைச் சர்க்கரையும் மாவும் நிரப்பியிருக்கும். அப்படி மாற்றிக்கொண்டவருக்குப் பசியும் அடங்காது, ட்ரைகிளிசரைடும் ஏறும். கொழுப்பை அளவுக்கு மீறி ஒதுக்கினால் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களும் கிடைப்பதில்லை. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்பே இல்லாத உணவைத் தின்றால் பித்தப்பை சுருங்க வேலை இல்லாமல் பித்தநீர் தேங்கிக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு நடத்தி 2018-இல் வெளியிட்டது. 609 பேர், 12 மாதம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ குறைத்தார்கள். புள்ளியியல்படி இது வேறுபாடே இல்லை. மரபணு வகையோ, இன்சுலின் சுரக்கும் அளவோ யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்லவும் உதவவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மிகப் பெரிய வேறுபாடு இருந்தது: 25 கிலோவுக்கு மேல் குறைத்தவரும் உண்டு, எடை கூடியவரும் உண்டு. இரு குழுவினருக்கும் கலோரி வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்த்து, காய்கறியைக் கூட்டச் சொன்னார்கள். இந்தப் பொதுவான பகுதியே இரு குழுவுக்கும் பெரும் பலனைக் கொடுத்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

## மூன்றாம் வழி: புரதத்தைக் கூட்டுவது

மேலே சொன்ன இரண்டும் ஒன்றை விலக்கச் சொல்பவை. இது சேர்க்கச் சொல்வது. அதனாலேயே மனம் எளிதாக ஏற்கிறது.

காலை எட்டு மணிக்கு இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, மேலே தாராளமாக ஜாம், கூடவே ஒரு பெரிய குவளை பழச்சாறு. மற்றொன்றில் இரண்டு வேகவைத்த முட்டை, இரண்டு துண்டு முழுத்தானிய ரொட்டி, ஒரு முழு ஆப்பிள். இரண்டும் ஏறத்தாழ 400 கலோரிதான். முதல் தட்டில் புரதம் 6 கிராம் அளவில் இருக்கும். இரண்டாவதில் 20 கிராம். பழச்சாறு ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஆப்பிளை மென்று முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். முதல் தட்டில் சர்க்கரை சட்டென்று ஏறி, பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கும். பத்தரைக்குக் கை பிஸ்கட்டைத் தேடும். இரண்டாவது தட்டில் புரதம் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் மூன்றையும் தூண்டி, கிரெலினையும் நீண்ட நேரம் அடக்கி வைக்கும்; மதியம்வரை பெரும்பாலோர் வேறொன்றும் தேடமாட்டார்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் மாற்றித் தருவது காலை உணவைத்தான். வேறு எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் பார்க்கச் சொல்வேன்.

2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை எண்களில் காட்டியது. மாவுச்சத்தின் பங்கை மாற்றாமல், மொத்தக் கலோரியில் புரதத்தின் பங்கை 15 விழுக்காட்டிலிருந்து 30 ஆக உயர்த்தி, அதற்கு ஈடாகக் கொழுப்பைக் குறைத்து, 19 பேரிடம் வேண்டிய அளவு உண்ணச் சொன்னார்கள். அவர்கள் தாமாகவே நாளுக்குச் சராசரியாக 441 கலோரி குறைவாக உண்டார்கள். 12 வாரத்தில் 4.9 கிலோ குறைந்தது. யாரும் அவர்களைக் குறைத்து உண்ணச் சொல்லவில்லை. உடல் தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை உண்ணத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்று ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும் அதே 2005-இல் முன்வைத்த கருதுகோளும் இதோடு ஒத்துப்போகிறது: புரதம் நீர்த்துப்போன உணவை உண்பவர் அந்த அளவை எட்டுவதற்குள் மற்ற கலோரியை அளவுக்கு மீறி உண்டுவிடுகிறார்.

இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3-க்குள். எடை குறையும்போது தசை கரைவதையும் புரதம் தடுக்கிறது. ஆனால் பளு தூக்குவது, உடலையே பளுவாக வைத்து உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சி சேராவிட்டால் இந்த இரண்டாவது நன்மை அரைகுறையாகவே கிடைக்கும்.

எவ்வளவு வேண்டும்? சாதாரண நாட்களுக்கான பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். எடை குறைக்கும் காலத்தில் 1.2 முதல் 1.6 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ உள்ளவருக்கு அது 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம், 100 கிராம் வெந்த பயறில் 8 அல்லது 9 கிராம், 100 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறியில் 30 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், இறைச்சி உண்ணாதவருக்கு இது எளிதான இலக்கில்லை என்பது புரியும். பயறு வகைகளில் புரதத்தோடு அதைவிட அதிக மாவுச்சத்தும் வரும். ஆகவே தாவர உணவு மட்டும் உண்பவர் கடும் கீட்டோவையும் புரதத்தையும் சேர்த்துப் பிடிப்பது மிகக் கடினம். அவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் வழியோடு புரதம் நன்றாகச் சேரும்.

மறைந்திருக்கும் செலவு முதலில் பணம். மாவுச்சத்தைவிடப் புரதம் ஏறக்குறைய எங்கும் விலை கூடியதுதான். அடுத்தது, புரதம் என்ற பெயரில் விற்கப்படும் இனிப்புக் கட்டிகளும் பதப்படுத்திய இறைச்சியும். முன்னதில் சர்க்கரை, பின்னதில் உப்பு. சிறுநீரக நோய் இருப்பவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டவே கூடாது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு மேலே சொன்ன அளவு கேடு செய்வதாகக் காணப்படவில்லை.

## நான்காம் வழி: நார்ச்சத்தைக் கூட்டுவது

நார்ச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி, குறுங்கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. அவை ஜிஎல்பி-1, பிஒய்ஒய் சுரக்கும் செல்களைத் தூண்டுகின்றன. ஓட்ஸிலும் இசப்கோலிலும் உள்ளது போன்ற கூழாகும் நார் அதற்கு முன்பே இரைப்பையில் வேலையைத் தொடங்கிவிடுகிறது: உணவைக் கெட்டியாக்கி, மெல்ல இறங்கவைத்து, சர்க்கரை ஏறும் வேகத்தையும் தணிக்கிறது. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்று சொல்கிறது. தீட்டிய மாவையே பெரிதும் உண்பவர் அதில் பாதியைக்கூட எட்டுவது கடினம்.

இங்கே ஒரு மிகைப்பேச்சைத் திருத்த வேண்டும். ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் எடை குறைக்கும் ஊசி செய்வதை நார்ச்சத்தே செய்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். உடல் தானாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். செமாகுளூடைடு ஊசி மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும்; அதன் அளவும் உடல் சுரப்பதைவிடப் பல மடங்கு. உணவு தரும் தூண்டல் உதவிகரமானது, ஆனால் அந்த வலுவுக்கு அருகில்கூட வராது. நார்ச்சத்தால் மட்டும் குறையும் எடை சிறிதுதான்.

ஆனால் மற்ற மூன்று வழிகளையும் தாங்கிப் பிடிப்பது இதுவே. திடீரென்று கூட்டினால் வாயுவும் வயிற்று உப்புசமும் வரும். வாரத்துக்கு 5 கிராம் என்று மெல்ல ஏற்றி, தண்ணீரையும் கூட்ட வேண்டும். குடல் சுருக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்; இசப்கோல் எடுப்பவர்கள் மாத்திரைகளுக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மாவுச்சத்தைக் குறைத்தல் | கொழுப்பைக் குறைத்தல் | புரதத்தைக் கூட்டுதல் | நார்ச்சத்தைக் கூட்டுதல் |
|---|---|---|---|---|
| பசி | கீட்டோன் நிலையில் நன்றாக அடங்கும் | தட்டில் காய்கறி நிறைந்தால் அடங்கும் | மிக நன்றாக அடங்கும் | ஓரளவு அடங்கும் |
| தசை | புரதத்தைப் பொறுத்தது | புரதத்தைப் பொறுத்தது | காக்கும், பயிற்சி தேவை | நேரடித் தாக்கம் இல்லை |
| மறைந்த செலவு | மலச்சிக்கல், எல்டிஎல், மருந்து மோதல் | சர்க்கரை சேர்த்த பண்டங்கள், பித்தக்கல் | விலை, சிறுநீரக நோயில் ஆபத்து | வாயு, உப்புசம் |
| யாருக்குப் பொருந்தும் | இரண்டாம் வகை நீரிழிவு, ட்ரைகிளிசரைடு மிகுதி | எல்டிஎல் மிகுதி, நிறைய உண்ண விரும்புவோர் | இரு வேளைக்கு நடுவே பசிப்போர், முதியோர் | ஏறக்குறைய எல்லோருக்கும் |

## எப்படித் தேர்ந்தெடுப்பது

அட்டவணையைப் பார்த்தாலே ஒன்று புலப்படும்: கடைசி இரண்டு வழிகளும் முதல் இரண்டோடு போட்டியிடுபவை அல்ல. புரதத்தையும் நார்ச்சத்தையும் முதலில் நிலைநிறுத்திவிட்டு, மீதிக் கலோரியை மாவுச்சத்திலிருந்து எடுப்பதா கொழுப்பிலிருந்து எடுப்பதா என்று கேட்பதே சரியான வரிசை என்று நான் நினைக்கிறேன். அந்த இரண்டாம் கேள்விக்கு ரத்தப் பரிசோதனையும், வீட்டில் எல்லோரும் உண்பது எது என்பதும் பதில் சொல்லிவிடும்.

எந்த வழியானாலும், தொழிற்சாலையில் பெரிதும் மாற்றிச் செய்த மிகைபதப்படுத்திய பண்டங்கள் வீட்டில் இருந்தால் கணக்கு தவறிவிடும். கெவின் ஹால் குழுவே 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார் எல்லாம் சமமாகப் பரிமாறப்பட்டும், மிகைபதப்படுத்திய உணவைத் தின்ற இரண்டு வாரத்தில் 20 பேரும் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ ஏறினார்கள். எளிய உணவைத் தின்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்கு, பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தபோது இருந்ததைவிட லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, கிரெலின் 28 விழுக்காடு ஏறியதை 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டவர் எந்த உணவுமுறையை எடுத்தாலும் மேட்டில் வண்டி இழுப்பது போல்தான்.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உண்ட இரண்டு மணி நேரத்தில் பசி வந்தால் அந்த வேளை உணவில் புரதமும் நாரும் குறைவு. அதை மட்டும் மாற்றுங்கள். பகலெல்லாம் தாங்கி இரவில் பசி உடைத்துக்கொண்டு வந்தால் பகலில் உண்டது போதவில்லை. மதிய உணவைக் கூட்டுங்கள். பசியே இல்லாமல், மன அழுத்தத்திலோ சலிப்பிலோ கை நீள்கிறது என்றால், அதைச் சரிசெய்ய எந்தச் சத்துக்கும் வலு போதாது. அது வேறு உதவியைக் கேட்கும் விஷயம், அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் பசி வந்த மணியையும், பத்துக்கு எத்தனை என்ற அளவையும் மட்டும் எழுதுங்கள். மாவுச்சத்தைக் குறைத்திருந்தால் முதல் பத்து நாள் எடையைக் கணக்கில் எடுக்காமல், இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து வையுங்கள். பசி எண் இறங்கியிருந்தால் அதே வழியில் தொடரலாம். ஏறியிருந்தால் எடை குறைந்திருந்தாலும் ஒன்றை மாற்ற வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். மூன்றாம் மாதம் ரத்தத்தைப் பரிசோதித்து, எல்டிஎல் ஏறியிருந்தால் மாவுச்சத்துக்குத் திரும்பும் முன், வெண்ணெயையும் கொழுத்த இறைச்சியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொட்டைப் பருப்புகளையும் மீனையும் வைத்து இன்னும் ஆறு வாரம் பாருங்கள்.